எட்டுப் பேர் இழுக்கும் கப்பி

கீழ்கரை, கப்பிப் பட்டறை
மாசி 3

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் நலம். நீயும் வாலுவும் நலமா? பாலத்துச் சாவடியில் இதைப் பிரித்துப் படிக்கும் எழுத்தர் ஐயாவும் நலமாக இருக்கட்டும். நாடு இரண்டாகி இந்தப் பதினோரு வருடத்தில் என் கடிதங்களை உன்னைவிட அதிகம் படித்தவர் அவர்தான்.

நலம் என்று எழுதிவிட்டேனே தவிர, முந்தாநாளிலிருந்து கை நடுக்கம் நிற்கவில்லை. எழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்து எனக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. முந்தாநாள் காலை எங்கள் ஊருக்கு மேலே டிராகன் பறந்தது.

நான் பட்டறை வாசலில் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று தெரு இருட்டியது. மேகம் என்று அண்ணாந்து பார்த்தேன். மேகத்துக்கு யாராவது சேணம் கட்டுவார்களா? அது மட்டும்தான் நினைவிருக்கிறது. அடுத்து நான் இருந்த இடம் தண்ணீர்த் தொட்டி. நாற்பத்திரண்டு வயது மேஸ்திரி, கழுத்தளவுத் தண்ணீரில். பக்கத்தில் ரொட்டிக்கடைக்காரர். "எரிக்கலையே? இன்னும் எரிக்கலையே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எரிக்கவில்லை அக்கா. மூன்று சுற்றுச் சுற்றியது. சந்தைச் சதுக்கத்தில் ஒரு தோல் குழாயைப் போட்டுவிட்டுப் போய்விட்டது.

குழாய்க்குள் ஒரு கடிதம். கடலுக்கு அப்பால் இருநூறு கப்பல்கள் தயாராகின்றனவாம். மழைக்காலத்துக்கு முன் இங்கே வந்துவிடுமாம். தனித்தனியாக நின்றால் இரண்டு கரையும் போகும், சேர்ந்தால் பிழைக்கலாம், பேச வருகிறேன் என்று எழுதியிருந்தது. பெயர் இல்லை. முகம் மூடிய கவசம் போட்ட யாரோ ஒரு வீரன். சபைத் தலைவர் அதைச் சதுக்கத்தில் நின்று படித்துவிட்டு, "ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிரிவினைச் சண்டையில் என் வீட்டுக்காரி இருந்த தெருவை எரித்தது ஒரு டிராகன்தானே. அந்த வாடை முந்தாநாள் மறுபடி மூக்கில் ஏறியது.

போகட்டும். வாலு எப்படி இருக்கிறாள்? இருபது ஆகியிருக்குமே. என் பரணிலிருந்து ஏணியில் இறங்கு என்றால் இறங்காமல் இரண்டு காலையும் ஒட்டி வைத்துத் தொப்பென்று குதிப்பாள். இடக்கையால் எழுதி உன்னிடம் குட்டு வாங்குவாள். கல்யாணப் பேச்சு எடுத்தால் தாய்மாமன் ஒருத்தன் இருக்கிறான் என்பதை மறந்துவிடாதே.

உன் தம்பி

✦

மேல்கரைக் கோட்டை, சேணப் பட்டறை
மாசி 20

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம், முதுகுவலி மட்டும் என்னைவிட நலமாக இருக்கிறது. நீ தொட்டிக்குள் உட்கார்ந்த கதையைப் படித்துவிட்டு ஊசியைக் கையில் குத்திக்கொள்கிற அளவுக்குச் சிரித்தேன். பிறகு உன் வீட்டுக்காரியைப் பற்றி எழுதியிருந்த இடம் வந்தது. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அன்றைக்கு வேலையை அதோடு முடித்துக்கொண்டேன்.

பயப்படாதே. அது உங்களை எரிக்க வரவில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே, தெரியும்.

வாலு நன்றாக இருக்கிறாள். வேலைக்குப் போகிறாள். வெளியூர் அலைச்சல் அதிகம், வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. கல்யாணமா? அவளிடம் அந்தப் பேச்சை எடுக்கிற தைரியம் எனக்கு இல்லை, நீ வேண்டுமானால் வந்து எடு. போன தடவை வந்தபோது உன்னைப் பற்றிக் கேட்டாள். "மாமா இன்னும் கிணத்துக் கப்பிதான் செய்றாரா? ஒரு நாள் நேர்ல போய்ப் பார்க்கணும்மா" என்றாள்.

கையை நெருப்பில் காட்டி எண்ணெய் தேய். நடுக்கம் நிற்கும்.

அக்கா

✦

கீழ்கரை
பங்குனி 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் முதுகுக்குத் தவிட்டு ஒத்தடம் கொடு. எழுத்தர் ஐயாவுக்கும் முதுகுவலி இருக்கும், நாள் முழுக்கக் குனிந்து ஊரான் வீட்டுக் கதையைப் படிப்பவர் அல்லவா.

இங்கே நடப்பதைக் கேட்டால் நம்பமாட்டாய். நானே நம்பவில்லை. எங்கள் தெற்குத் துறைமுகத்தில் அந்த வீரன் இறங்கியிருக்கிறான். ஊரே கதவைச் சாத்திக்கொண்டது. அவன் கத்தியைக் கழற்றிச் சதுக்கத்தின் நடுவில் வைத்துவிட்டு, டிராகன்மேல் சாய்ந்து உட்கார்ந்துகொண்டானாம். மூன்று நாள். சாப்பாடு இல்லை, தண்ணீர் இல்லை. மூன்றாம் நாள் ஒரு கிழவி பொறுக்க முடியாமல் கதவைத் திறந்து, "எவ்ளோ நேரம்தான் வெயில்ல உக்காந்திருப்பே?" என்று ஒரு செம்பு தண்ணீர் கொண்டுபோனாளாம். ஒரு கதவு திறந்ததும் எல்லாக் கதவும் திறந்துவிட்டது. இப்போது அந்த ஊர் அவன் பக்கம். அடுத்த வாரமே இன்னும் இரண்டு ஊர்கள். சபையில் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

எனக்குப் புது வேலை கொடுத்திருக்கிறார்கள். சபையே நேரடியாகக் கொடுத்த வேலை. பெரிய கப்பி. எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தால்தான் கயிறு நகரும். இருபது வருடத்தில் இப்படி ஒன்று செய்ததில்லை.

ஒரு சந்தேகம். நீ சேணக்காரி, அதனால் கேட்கிறேன். குதிரைக்கே அப்பா மூன்று வார் போடுவார். இறக்கை உள்ள ஒரு மிருகத்துக்குச் சேணம் எப்படி நிற்கிறது? வார் எங்கே போகும்? பட்டறையில் ஒரே விவாதம். அந்தச் சேணத்தைத் தைத்தவன் பெரிய கில்லாடியாக இருக்க வேண்டும்.

வாலுவுக்கு என் ஆசி. என்ன வேலை என்று நீ எழுதவே இல்லையே?

தம்பி

✦

மேல்கரைக் கோட்டை
பங்குனி 29

அன்புத் தம்பிக்கு,

நலம். கில்லாடி என்றாயே, அந்தக் கில்லாடி உன் அக்காதான்.

இதை எழுதாமல் இரண்டு வாரம் வாயைக் கட்டிப் பார்த்தேன். முடியவில்லை. ஆமாம், அந்தச் சேணம் நான் தைத்தது. அப்பா இருந்திருந்தால் அதிலும் நாலு குறை கண்டுபிடித்திருப்பார், ஆனால் தனியாகப் போய்த் தடவிப் பார்த்திருப்பார்.

கேள். நெஞ்சுக்கு வார் போட்டால் இறக்கை அடிக்க முடியாது. அதனால் இறக்கைக்குப் பின்னால் ஒரே ஒரு அகல வார், வயிற்றைச் சுற்றி. குதிரைக்குப் போல இடப்பக்கம் இல்லை, கொக்கி வலப்பக்கம். ஏறுவதும் இறங்குவதும் வலப்பக்கம்தான், அந்த வீரரின் கைப்பழக்கம் அப்படி. வலப்பக்கம் இழுத்து இறுக்குவதால் இடது இறக்கையின் அடியில் வார் உராய்ந்து செதில் உதிர்ந்துவிட்டது. ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வெறும் தோல், கன்றுக்குட்டித் தோல் மாதிரி. அங்கே கம்பளி வைத்துக் கொழுப்புத் தடவுகிறேன். மற்ற நேரம் இறக்கை மூடியிருப்பதால் யார் கண்ணுக்கும் தெரியாது. ஆள் வலப்பக்கம் இறங்கும்போது மட்டும் சாயாமல் இருக்க இடது இறக்கையைத் தூக்கும், அப்போது தெரியும். இவ்வளவையும் யோசித்துத்தான் தைக்க வேண்டியிருந்தது. உன் பட்டறை விவாதக்காரர்களிடம் சொல்.

இவ்வளவு சொன்னவள் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நெஞ்சில் வைத்துக்கொண்டு தூக்கம் வரவில்லை.

■■■■■■■■■■■■■■■■■■■■■■

படித்ததும் கோபப்படாதே. உன் வீட்டுக்காரியை நினைத்துத்தான் இத்தனை நாள் மறைத்தேன். கோபம் வந்தால் ஒரு நாள் கழித்துப் பதில் எழுது.

அக்கா

✦

கீழ்கரை
சித்திரை 15

அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இரு.

ஒரு நாள் கழித்து எழுதச் சொன்னாய். ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன், கோபம் அப்படியே இருக்கிறது. அதற்குச் சேணம் தைத்துக் கொடுத்திருக்கிறாய். கொழுப்புத் தடவி விடுகிறாய். என் வீட்டுக்காரியை எரித்த சாதிக்கு என் அக்கா வைத்தியம் பார்க்கிறாள்.  

நீ எழுதியிருந்ததில் ஒரு வரியை எழுத்தர் மை பூசி அழித்திருக்கிறார். என்னவோ தெரியவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கக்கூட மனம் வரவில்லை. தெரிந்த வரிகளே எனக்குப் போதும்.

வார் எங்கே போகிறது என்பது நன்றாகப் புரிந்தது. வேலையில் நேரம் போகிறது. எனக்கு இப்போதைக்கு எழுத வேண்டாம்.

தம்பி

✦

மேல்கரைக் கோட்டை
சித்திரை 30

அன்புத் தம்பிக்கு,

நலமா? எழுத வேண்டாம் என்றால் எழுதாமல் இருக்க நான் உன் சபைத் தலைவரா?

அடித்த வரி அதுவா! சேணத்தின் தையல் தையலாக விட்டுவிட்டு அந்த ஒரு வரியைப் பார்த்து அடித்திருக்கிறார் மனுஷன். நான் கொடுத்துவைத்தது அவ்வளவுதான். நீ கோபப்பட்டது சேணத்துக்கு மட்டும். நான் சொல்ல வந்த விஷயம் உன் காதுக்கு இன்னும் வரவே இல்லை.

முதலில் ஒன்று. உன் தெருவை எரித்த டிராகன் அந்தச் சண்டையிலேயே செத்தது. இது அதன் குஞ்சு. ஆட்டுக்குட்டி அளவில் கோட்டைக்கு வந்தது, என் பட்டறை மூலையில்தான் வளர்ந்தது. இன்றுவரை ஒரு வைக்கோல் போரைக்கூட எரித்ததில்லை. சரியான தூங்குமூஞ்சி. கொட்டாவி என்றுதான் கூப்பிடுகிறோம்.

இன்னொன்று. உன் கடிதங்களை எல்லாம் எடுத்து வைத்து மறுபடி படித்தேன். நேற்று ஓர் இடத்தில் வந்ததும் கையிலிருந்த ஊசி கீழே விழுந்துவிட்டது. எட்டுப் பேர் இழுக்கும் கப்பி. எந்த ஊர்க் கிணற்றுக்குடா எட்டுப் பேர் வேண்டும்? வார் எங்கே போகும் என்று எதற்குக் கேட்டாய்?

உடனே பதில் எழுது. வேறு எதுவும் வேண்டாம், கிணறு எங்கே இருக்கிறது என்று மட்டும் எழுது.

அக்கா

✦

மேல்கரைக் கோட்டை
வைகாசி 6

தம்பி,

பதில் இல்லை. பாலத்தை மூடிவிட்டார்கள் என்று சந்தையில் பேசிக்கொள்கிறார்கள். இருந்தாலும் எழுதுகிறேன்.

உங்கள் சபை வெள்ளைத் துணி அனுப்பி அந்த வீரரைத் தலைநகரான உங்கள் ஊருக்கே பேச அழைத்திருக்கிறது. பன்னிரண்டாம் தேதி, காலை. அன்றைக்கு நீ பட்டறைக்குப் போகாதே. காய்ச்சல் என்று படுத்துக்கொள். கையை உடைத்துக்கொண்டாலும் சரி.

சாவடி எழுத்தர் ஐயா, உங்கள் காலில் விழுகிறேன். இந்த ஒரு வரியை மட்டும் அடிக்காதீர்கள். தம்பி, அந்த வீரர் நம் வாலு. வலப்பக்கம் இறங்குவது நம் வாலு. இடக்கைக்காரி வேறு எந்தப் பக்கம் இறங்குவாள்?

வார் இருக்கும் இடத்தை உனக்கு எழுதிவிட்டேன் என்று சொல்லி அவளுக்கும் ஆள் அனுப்பியிருக்கிறேன். ஊர் ஊராகப் பறக்கிறவளை நடந்து போகிறவர் எப்படிப் பிடிப்பது? எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நீ எங்கேயோ ஒரு பெரிய கிணற்றுக்குக் கப்பி செய்துகொண்டிருக்கிறாய், நான்தான் கோணலாக நினைக்கிறேன். அப்படித்தானே? அப்படித்தான் என்று ஒரு வரி எழுது.

அக்கா

✦

பாலத்துச் சாவடி
வைகாசி 14

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் நலமாக இருக்க வேண்டும். நான் சாவடி எழுத்தர். யாருக்கும் கடிதம் எழுத எனக்கு அனுமதி இல்லை. எழுதுகிறேன்.

தங்களுடைய கடைசி இரண்டு கடிதங்களும் என் மேஜை இழுப்பறையில் இருக்கின்றன. சித்திரை 28ஆம் தேதி பாலத்தை மூட உத்தரவு வந்தது. நடுவில் பலகைகளைப் பெயர்த்துவிட்டார்கள். இரண்டாவது கடிதத்தைப் படித்துவிட்டு, எடுத்துக்கொண்டு பாலத்தின் நடுவரை ஓடினேன். எதிர்ப்பக்கத்துக் காவலர்களைக் கூப்பிட்டேன். கிட்டே வந்தால் அம்பு விடுவோம் என்றார்கள். எனக்கு ஐம்பத்தாறு வயது. திரும்பி வந்துவிட்டேன்.

அந்த வரியை அடித்தவன் நான். வீரர் யார் என்று எழுதுவது தடை, அதனால் அடித்தேன். சேணத்தைப் பற்றிய பத்தி தொழில் பேச்சுதானே என்று விட்டுவிட்டேன். ரசித்துப் படித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நேற்று முன்தினம் காலை பத்து மணி வாக்கில் கீழ்கரையிலிருந்து ஒரு பெரிய சத்தம் கேட்டது. சாவடி ஜன்னல்கள் ஆடின. பிறகு எந்தச் சத்தமும் இல்லை. என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது அம்மா. தெரிந்ததும் நானே நேரில் வந்து சொல்கிறேன்.

இப்படிக்கு,
எழுத்தர்

✦

கீழ்கரை
ஆனி 2

அக்கா,

வாலு உயிரோடு இருக்கிறாள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. இதை முதல் வரியாக எழுத வேண்டும் என்று தோன்றியது.

எழுத்தர் உன் இரண்டு கடிதங்களையும் போன வாரம் நேரில் கொண்டுவந்து கொடுத்தார். உன்னையும் பார்த்துச் சொல்லிவிட்டதாகச் சொன்னார். ஆனாலும் என் கையால் எழுத வேண்டியதை நான் எழுத வேண்டும். கிணறு எதுவும் இல்லை. நான் செய்தது பெருவில். ஆள் உயரத்தில் ஒரு இரும்பு ஈட்டியை எறியும். எட்டுப் பேர் கப்பியில் இழுத்தால்தான் அதன் நாண் ஏறும். சதுக்கத்தைப் பார்த்த தானியக் கிடங்கின் மாடியில், ஜன்னலுக்குப் பின்னால் வைத்திருந்தோம். ஆளைப் பிடிக்க வேண்டும், டிராகனை முடிக்க வேண்டும் என்பது சபை உத்தரவு. எந்த இடத்தில் அடித்தால் முடியும் என்று சபையில் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது. நீ சொல்லியிருந்தாய்.

அன்று காலை வந்தது. வெள்ளைத் துணி விரித்த இடத்தில் சரியாக இறங்கியது. இறங்கியதும் வாயை அகலத் திறந்தது. எரிக்கப்போகிறது என்று பக்கத்திலிருந்தவர்கள் தரையில் விழுந்து படுத்தார்கள். கொட்டாவிதான் விட்டது அக்கா. எனக்கு அப்போது அதன் பெயர் தெரியாது.

அதன் இடப்பக்கம் என்னைப் பார்த்து இருந்தது. மேலே இருந்த ஆள் காலைத் தூக்கி மறுபக்கமாகப் போட்டான். இடது கை கொக்கிக்குப் போனது. இறக்கை மேலே எழுந்தது. நீ எழுதியிருந்த மாதிரியே தட்டு அளவு வெறும் தோல். நான் சுத்தியலால் தாழைத் தட்டிவிட்டேன். தட்டிய அதே நொடியில் அதன் வயிற்றுக்கு அடியில், அந்தப் பக்கம், இரண்டு கால்கள் தரையில் குதித்தன. ஒட்டி வைத்த இரண்டு கால்கள். தொப்பென்று.

என் பரணிலிருந்து குதித்த கால்கள். கையை நீட்டினேன் அக்கா. போய்க்கொண்டிருந்த ஈட்டியைப் பிடிக்கக் கையை நீட்டினேன். அவ்வளவு முட்டாளாக இருந்தேன்.

அது அலறவில்லை. கழுத்தைத் திருப்பி அவள் எங்கே என்று தேடியது. அவள் சரியாக நிற்கிறாள் என்று பார்த்த பிறகுதான் சாய்ந்தது. அந்தச் சத்தம்தான் சாவடிவரை கேட்டது. அவள் கவசத்தைக் கழற்றிப் போட்டாள். பெண் என்று ஊருக்கே தெரிந்தது. அவளைப் பிடிக்க வந்த காவலர்கள் ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. அதன் கண் மூடும்வரை நெற்றியில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, யாரையும் பார்க்காமல், கிடங்கின் படியேறி மேலே வந்தாள்.

நான் கையில் சுத்தியலோடு நின்றேன். என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். பார்த்ததும் தெரிந்துகொண்டாள், எனக்கு அது தெரிந்தது. பெருவில்லைச் சுற்றி வந்தாள். நாணைத் தொட்டாள். கயிற்றைத் தொட்டாள். கப்பியில் கை வைத்து நின்றாள்.

"மாமா, கிணத்துக் கப்பி நல்லா இருக்கு" என்றாள்.

சுத்தியலைக் கீழே வைத்தேன்.

"எவ்ளோ தூரம் போகும்?"

"முந்நூறு கஜம்."

"கப்பலைத் துளைக்குமா?"

"துளைக்கும்."

"ஐம்பது வேணும். ரெண்டு மாசத்துல."

கீழே இறங்கிப் போனாள். சபைத் தலைவர் படியிலேயே நின்றுகொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது. அவள் கையெல்லாம் ரத்தம். அவர் எதிரில் நின்று, குரலை உயர்த்தாமல் கேட்டாள்: "கூப்பிட்டீங்க, வந்தேன். என்கிட்ட நீங்க பயப்படுறதுக்கு இப்ப எதுவும் இல்ல. இனிமே பேசலாமா?"

அன்று மாலைக்குள் சபை கையெழுத்துப் போட்டது. நாடு ஒன்றாகிவிட்டது என்று மணி அடித்தார்கள். ஜனங்கள் அழுதார்கள், ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். நான் கிடங்கு மாடியில் உட்கார்ந்திருந்தேன். பதினோரு வருடம் முன்பு என் தெரு எரிந்த நாளில்கூட நான் இப்படி மரத்துப்போனதில்லை.

எனக்குத் திட்டாவது எழுது.

தம்பி

✦

கீழ்கரை
ஆடி 1

அன்புள்ள அக்காவுக்கு,

பாலத்துக்குப் பலகை போட்டு ஒரு மாதம் ஆகிறது. தினம் வண்டிகள் வருகின்றன. உன் கடிதம் இல்லை. உன் முதுகு எப்படி இருக்கிறது?

பட்டறையில் இப்போது உங்கள் கரைத் தச்சர்கள் முப்பது பேர். முதல் வாரம் ஒருவர் உளியை ஒருவர் தொடவிடவில்லை. இப்போது ஒரே பானையில் கஞ்சி குடிக்கிறார்கள். இருபத்தாறு வில் முடிந்துவிட்டது. மீன்பிடிக்கப் போனவர்கள் கடலுக்கு அப்பால் அணிவகுத்து நிற்கும் பாய்மரங்களைப் பார்த்துவிட்டு வலையைக்கூட எடுக்காமல் திரும்பியிருக்கிறார்கள். எண்ணவே முடியவில்லையாம்.

வாலு தினம் காலையில் வந்து பார்க்கிறாள். அளவு கேட்பாள், சொல்வேன். அவ்வளவுதான். கிடங்கு மாடியில் கூப்பிட்டதோடு சரி, அதன் பிறகு அவள் வாயில் மாமா வரவில்லை. "மேஸ்திரி" என்கிறாள். மரியாதையாகத்தான் சொல்கிறாள். ஒவ்வொரு தடவையும் உள்ளே ஏதோ அறுகிறது.

நாணைப் பிடிக்கும் வார்களுக்குத் தோல் சரியில்லை. மாட்டுத்தோல் பத்து தடவை எறிவதற்குள் விரிந்துவிடுகிறது. இதை உன்னிடம் கேட்க எனக்கு வாய் இல்லை. அவள் எழுதப்போகிறேன் என்றாள்.

என்னை மன்னிப்பாயா என்று கேட்க மூன்று காகிதம் கிழித்துவிட்டேன். நாலாவதில் கேட்டுவிட்டேன்.

தம்பி

✦

மேல்கரைக் கோட்டை
ஆடி 19

தம்பிக்கு,

நலம். நீயும் நலமாக இரு.

அவள் எழுதியிருந்தாள். இந்த மூட்டையில் நூறு வார்கள் இருக்கின்றன. ஒரு வில்லுக்கு இரண்டு. விரியாது, அதற்கு நான் பொறுப்பு. கொட்டாவியின் சேணத்தை அறுத்துச் செய்தேன். சேணத்தை வண்டியில் இங்கே அனுப்பியிருந்தார்கள். மூன்று நாள் அதைத் தொடவில்லை, நாலாம் நாள் கத்தியை எடுத்தேன். அப்பா சொல்லிக்கொடுத்த இரட்டைத் தையல், என் கையால் போட்டதை என் கையால் பிரித்தேன். பிரிக்கிறபோது அதன் வாடை பட்டறை முழுக்க வந்தது. மூலையில் அது படுத்திருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டேன். அழுதேன் என்று எழுத வெட்கமில்லை.

திட்டு கேட்டிருந்தாய். எப்படித் திட்டுவது? நீ கப்பி என்று பொய் எழுதினாய், நான் வேலைக்குப் போகிறாள் என்று பொய் எழுதினேன். அடித்தது நீ, இடத்தைக் காட்டியது நான். ஒரு பாராட்டுக்கு ஆசைப்பட்டு, வரி வரியாக, சாப்பாட்டுத் தட்டு அளவு என்றெல்லாம் உவமை சொல்லிக் காட்டினேன். உன்னை நினைத்துக் கோபப்படத் தொடங்கினால் முடிகிற இடம் நானாகத்தான் இருக்கிறது.

மன்னிப்பு என்னிடம் இல்லை. அது அவளிடம் இருக்கிறது. கொட்டாவி அவளுடையது.

வார்களை ஈரத்தில் வைக்காதே. வாரம் ஒரு முறை கொழுப்புத் தடவு. அவள் பசித்தால் சொல்லமாட்டாள், நீயாகத் தட்டை வைத்துவிட்டுப் போய்விடு. வலப்பக்கக் கொக்கியை மட்டும் நான் வைத்துக்கொண்டேன்.

அவள் உன்னை மறுபடி மாமா என்று கூப்பிடுகிற அன்றைக்கு எனக்கு எழுது. அதுவரை எழுதாதே.

அக்கா

✦

தெற்குத் துறைமுகம்
புரட்டாசி 9

அன்புள்ள அக்காவுக்கு,

வாலுவும் நானும் உயிரோடு இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய்?

கப்பல்கள் முந்தாநாள் விடியற்காலை வந்தன. கடலே தெரியாத அளவுக்கு. ஐம்பது வில்லையும் கரையோரம் வரிசையாக வைத்திருந்தோம், ஒவ்வொன்றிலும் அந்தக் கரை ஆள் நாலு, இந்தக் கரை ஆள் நாலு. மத்தியானம்வரை எறிந்தோம். அறுபதுக்கு மேல் மூழ்கின. மீதி திரும்பிவிட்டன. ஒரு வார்கூட விரியவில்லை.

நான் ஏழாவது வில்லில் நின்றேன். சிக்கிய கயிற்றை எடுக்கக் கப்பிமேல் ஏறியிருந்தேன். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அந்த இரைச்சலில் எனக்கு எதுவும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டது.

"மாமா, குனி!"

குனிந்தேன். தலைக்கு மேலே ஏதோ போனது. திரும்பிப் பார்த்தால் அவள் என்னைத் தள்ளுவதற்கு ஓடிவந்து, இடது தோளில் அம்பு பாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் போய்த் தாங்கினேன். அவள் என் கையைத் தட்டிவிடவில்லை. காயத்தைத் தைத்துவிட்டார்கள், காய்ச்சல் இல்லை, நேற்று ஒரு தட்டு முழுக்கச் சாப்பிட்டாள். தையல் உன் அளவுக்கு இல்லை. பார்த்தால் நீ பிரித்துவிட்டு மறுபடி போடுவாய், அதனால் ஆறிய பிறகு வா.

இன்று காலை மறுபடி மேஸ்திரி என்றுதான் கூப்பிட்டாள். ஆனாலும் ஒரு தடவை கூப்பிட்டாள் அக்கா. நீ எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்.

உன் தம்பி